தலையெண்ணிப் படகேறுவோம்

களமசேரியில் பயிலும் தமிழ் மாணவர்க்கு விடுமுறை என்றால் ஊருக்கு வண்டியேறுவது ஒன்றே தெரியும். தெற்கே, வேம்பநாட்டுக் காயலின் நடுவே பாதிராமணல் தீவு இருக்கிறது. பாலமில்லை, முகம்மாவிலிருந்து படகில்தான் போகவேண்டும். மலையாளத்தில் ‘பாதிரா’ என்றால் நள்ளிரவு. மணலோ நம் மணலேதான்! மரநிழலில் நடக்கவும், வலசை வரும் பறவைகளைக் காணவும் ஏற்ற இடம். கூடாரமடித்துத் தங்க ஆசை எழலாம். இரவைப் பறவைகளுக்கே விட்டுவிட்டுப் பகலில் திரும்புவதே பண்பு.

ஆனால் ஒன்று, நண்பர்களே! 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு இதே காயலில் மூழ்கி 29 பேர் மாண்டனர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில், உலாச் சென்ற பள்ளிப் பிள்ளைகள் 15 பேரும் ஆசிரியர் மூவரும் மடிந்தனர். இரண்டு படகும் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றியவை.

ஆள் கூடினால் கூலி குறையும் என்பர். குறையட்டும், உயிரின் மதிப்புமா குறையவேண்டும்? ‘இன்னும் இருவர்தானே’ என்று இழுத்துக்கொள்வது நட்பன்று. நம் சங்கம் ஒருவரைத் தலையெண்ண நிறுத்தட்டும். ஆளுக்கொரு மிதவைச் சட்டை இன்றேல் படகு நகரக்கூடாது. இடம் போதாதா? இரண்டு நடையாகப் போவோம். தீவு எங்கும் ஓடிவிடாது!