பெரியப்பாவின் அம்பாசிடருக்கு எந்த இன்சூரன்ஸ்?

சித்தன்னவாசல் போய்விட்டுத் திரும்பும்போதுதான் மாட்டினோம்.

பெரியப்பா, பெரியம்மா, அம்மா, தம்பி, நான்... ஐந்து பேரும் பெரியப்பாவின் 1997 மாடல் டீசல் அம்பாசிடரில் போயிருந்தோம். ஏழடிப்பட்டம் ஏறி, சமணர் படுக்கைகளைப் பார்த்து, அறிவர் கோயில் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் புதுக்கோட்டை பக்கம் வந்துகொண்டிருந்தோம். வழியில் வாகனத் தணிக்கை. ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள்.

பெரியப்பா டேஷ்போர்டைத் திறந்து லேமினேட் செய்த இன்சூரன்ஸ் பேப்பரை கம்பீரமாக எடுத்து நீட்டினார். அதிகாரி அதைப் பார்த்தார், தன் போனையும் பார்த்தார். "ஐயா, இது முடிஞ்சு ஒன்பது நாள் ஆச்சு."

அபராதம் 2,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் முதல் தடவைக்கு இந்தத் தொகை. மறுபடி மாட்டினால் 4,000. சட்டப்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது.

காரில் ஏறியதும் பெரியப்பா பொருமினார். "முப்பது வருசத்துப் பழைய வண்டி. எங்கயாவது இடிச்சாலும் பட்டறையில தட்டி எடுத்தா 500 ரூபாயில முடிஞ்சிரும். இதுக்கு எதுக்குத்தா இன்சூரன்ஸ்?"

அவர் மட்டுமா அப்படிச் சொல்கிறார்? வீட்டு வாசலில் பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசிடர் வைத்திருக்கும் பாதிப் பேர் நினைப்பதும் இதுதான். அன்று ராத்திரி போனும் பேப்பருமாக உட்கார்ந்தேன். புரிந்துகொண்டதை உங்களிடமும் பகிர்கிறேன்.

முதல் இன்சூரன்ஸ் உங்கள் காருக்கு அல்ல

சட்டம் கட்டாயமாக்கியிருப்பது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை மட்டும்தான். அது உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. உங்கள் வண்டியால் அடிபட்ட இன்னொருவருக்கு இழப்பீடு கொடுப்பதுதான் அதன் வேலை.

நம் கார் 50,000 ரூபாய்க்குக்கூடப் போகாமல் இருக்கலாம். ஆனால், அது ஒரு பைக்கில் மோதி, குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனால்? விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் காரின் விலையைப் பார்த்துத் தொகையை முடிவு செய்யாது. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் கணக்குப் போடும். அது பல லட்சங்களில் வரலாம். பாலிசி இருந்தால், உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லாமல் இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்கும். அடுத்தவரின் பொருள் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு. பாலிசி இல்லையென்றால் மொத்தப் பணத்தையும் வண்டியின் உரிமையாளர்தான் கட்ட வேண்டும். வீட்டையோ நிலத்தையோ விற்க நேரலாம்.

அந்த ஒன்பது நாளும் பெரியப்பா தினமும் காய்கறி வாங்க வண்டியை எடுத்திருக்கிறார். நினைத்தாலே திக்கென்றது.

நாளுக்கு 11 ரூபாய்

தேர்டு பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படைத் தொகை ஒன்றுதான். காரின் வயது இதில் கணக்கே இல்லை, இன்ஜினின் சி.சி. மட்டும்தான் கணக்கு. 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதம் இது:

• 1,000 சி.சி. வரை (மாருதி 800 போன்றவை): 2,094 ரூபாய்
• 1,000 முதல் 1,500 சி.சி. வரை: 3,416 ரூபாய்
• 1,500 சி.சி.க்கு மேல்: 7,897 ரூபாய்

இதோடு 18% ஜி.எஸ்.டி. சேரும். கட்டும் நாளில் நடப்பு விகிதத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் டீசல் அம்பாசிடர் 1,489 சி.சி. ஆக, வரியோடு 4,031 ரூபாய். ஒரு நாளைக்கு 11 ரூபாய்தான், ஒரு டீ செலவு. அதே அம்பாசிடரில் இசுசு பெட்ரோல் இன்ஜின் வந்த மாடல் 1,817 சி.சி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும்; பிரீமியம் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் பழைய கார் வாங்கப்போகிறவர்கள் ஆர்.சி.யில் சி.சி.யைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

சொந்தச் சேதத்துக்கு எடுக்கலாமா?

அடுத்தது, நம் காருக்கு வரும் சேதத்தையும் சேர்த்துக் கவனிக்கும் பேக்கேஜ் பாலிசி. இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

காருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் வைக்கும் மதிப்பை ஐ.டி.வி. என்பார்கள். காரே போய்விட்டால் அதிகபட்சம் கிடைக்கும் தொகை இதுதான். ஐந்து வயது வரை இதற்குத் தேய்மான அட்டவணை இருக்கிறது. ஐந்தைத் தாண்டினால் நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான் மதிப்பு. ஆன்லைனில் பிரீமியம் ரொம்பக் குறைவாகத் தெரிந்தால், ஐ.டி.வி.யைக் குறைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

பத்து வயது தாண்டிய காரில் மாற்றும் உலோக பாகங்களின் விலையில் 50% கழித்துக்கொள்வார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் 50%. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. அதற்கு மேல், 1,500 சி.சி. வரையான காருக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் 1,000 ரூபாய் நம் பங்கு.

ஓர் உதாரணம். பட்டறை பில் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உலோக பாகங்கள் 10,000, பிளாஸ்டிக்கும் ரப்பரும் 4,000, கூலி 6,000. நமக்குக் கிடைப்பது 5,000 + 2,000 + 6,000, அதில் 1,000 போக 12,000 ரூபாய். மீதி 8,000 நம் கையிலிருந்து.

பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் வண்டியை 'முழு இழப்பு' என்று முடித்துவிடுவார்கள். 80,000 ரூபாய் ஐ.டி.வி. உள்ள காருக்கு 60,000 ரூபாய்க்கு மேல் பில் வந்தாலே கதை முடிந்தது.

'அப்படியானால் தேர்டு பார்ட்டி மட்டும் போதும்' என்றுதான் நானும் முதலில் முடிவு செய்தேன். இரண்டு விஷயங்கள் என்னை மாற்றின.

ஒன்று, கஜா. 2018 நவம்பர் 16 அன்று அந்தப் புயல் புதுக்கோட்டை மாவட்டத்தை எப்படிப் புரட்டிப்போட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிறுத்தி வைத்திருக்கும் கார் மீது மரம் விழுந்தால் தேர்டு பார்ட்டி பாலிசி உதவாது. பேக்கேஜ் பாலிசிதான் உதவும். தீ, திருட்டுக்கு மட்டும் சேர்த்து எடுக்கும் நடுத்தர வகையும் உண்டு. அது திருடனுக்கும் தீக்கும்தான், மரத்துக்கு இல்லை.

இன்னொன்று, காருக்குள் இருப்பவர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த தனியார் காரில் பயணம் செய்யும் நம் வீட்டு ஆட்களுக்கு அந்தப் பாலிசி பொதுவாகப் பொருந்தாது. பேக்கேஜ் பாலிசியில் உள்ளே இருப்பவர்களும் அடங்குவர் என்று 2009-ல் ஐ.ஆர்.டி.ஏ. தெளிவுபடுத்தியது. இந்த இரண்டு வகைப் பாலிசிக்கும் உள்ள வித்தியாசத்தை 2012-ல் உச்ச நீதிமன்றமும் எடுத்துச் சொல்லியிருக்கிறது. சித்தன்னவாசலுக்குப் போன அந்த காரில் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது அம்மா, பெரியம்மா, தம்பி. பழைய அம்பாசிடரில் ஏர்பேக்கும் கிடையாது. கணக்கை அதற்கப்புறம் நான் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கட்டாயம். வேறு பாலிசியில் ஏற்கெனவே அந்த அளவுக்கு இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. பயணிகளுக்கும் சிறு தொகை கட்டி விபத்துக் காப்பீடு சேர்க்கலாம்.

50 வயதைத் தாண்டிய காரா?

சிலர் வீட்டில் இருப்பது பழைய கார் அல்ல, பொக்கிஷம். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்டு, பழைய ஃபியட், மார்க் 1 அம்பாசிடர் போன்றவை. இவற்றுக்கு வயது ஏற ஏற மதிப்பும் ஏறும். சாதாரண ஐ.டி.வி. இவற்றுக்குப் பொருந்தாது.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, அசல் வடிவம் மாறாத காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதிய எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான கார்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பதிவான காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் 50% தள்ளுபடி. 948 சி.சி. ஹெரால்டு என்றால் வரிக்கு முன் 1,047 ரூபாய்தான். ஆனால், வின்டேஜ் காரை தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியைத் தள்ளுபடிக்காக வின்டேஜ் ஆக்கிவிடாதீர்கள்.

இந்த மாதிரி கார்களுக்கு 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் பாலிசி கேளுங்கள். மதிப்பீட்டாளரின் சான்றை வைத்து ஆரம்பத்திலேயே ஒரு தொகையை இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்வது இது. முழு இழப்பு என்றால் தேய்மானம் பேசாமல் அந்தத் தொகை கிடைக்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் எடுத்த போட்டோக்கள், செலவு செய்த பில்கள், சேஸிஸ் எண் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள்.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம வண்டி எப்ப வின்டேஜ் ஆகும்?" என்றார். "2047-ல." "அப்ப எனக்குத் தொண்ணூறு தாண்டிரும். நீதான் ஓட்டணும்" என்று சிரித்தார்.

க்ளெய்ம் மறுக்கப்படும் இடங்கள்

• கேஸ் கிட்: எல்.பி.ஜி. மாட்டியிருந்தால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும். இன்ஜின் மாற்றியிருந்தாலும் அப்படித்தான்.

• ஆர்.சி. காலாவதி: 15 ஆண்டு முடிந்த தனியார் காருக்குத் தமிழ்நாட்டில் தடை கிடையாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 வயது தாண்டிய காருக்கு இதற்கான கட்டணத்தை 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பதிவு செல்லாத வண்டிக்கு சொந்தச் சேத க்ளெய்ம் சிக்கலாகிவிடும்.

• வாடகை: செட்டிநாட்டுப் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோ ஷூட்டுக்கும் பழைய கார் கேட்பார்கள். தனியார் கார் பாலிசி வாடகைக்குச் செல்லாது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பும்போது சேதமானால் நிறுவனம் மறுக்கலாம்.

• பெயர் மாற்றம்: பழைய கார் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். நோ க்ளெய்ம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம், காரோடு வராது.

• தாமதம்: பேக்கேஜ் பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் சேர்த்த போனஸ் மொத்தமும் போய்விடும். அதற்குள்ளாகவே என்றாலும் வண்டியை ஆய்வு செய்த பிறகுதான் சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு தருவார்கள்.

குறை இருந்து நிறுவனம் கேட்காவிட்டால், ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' எண் 155255. அதற்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

நாங்கள் என்ன எடுத்தோம்?

தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் அன்று ராத்திரியே ஆன்லைனில் எடுத்திருக்கலாம். பேக்கேஜ் என்று முடிவானதால் ஆய்வு தேவைப்பட்டது. வயதான கார் என்று இரண்டு நிறுவனங்கள் மறுத்தன. மூன்றாவது இடத்தில் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். ஐ.டி.வி. 80,000 ரூபாய். தேர்டு பார்ட்டி தொகைக்கு மேல் சுமார் 3,000 ரூபாய் கூடியது. பாலிசி கைக்கு வரும்வரை கார் கொட்டகையை விட்டு நகரவில்லை. பெரியப்பா காய்கறி வாங்க சைக்கிளில் போனார்.

அறிவர் கோயிலை 9-ம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தான் என்று அங்கே கல்வெட்டு இருக்கிறது. அன்றைக்கே பழையதாகியிருந்த கோயிலை ஒருவர் கவனித்ததால்தான் இன்று நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பழைய பொருளை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அதற்கான பொறுப்பும் நம்முடையதுதான்.

பாலிசி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் அலாரம் அடிக்கும்படி என் போனில் போட்டுவிட்டேன். உங்கள் வண்டிக்கு என்றைக்கு முடிகிறது? எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும். சாவியை எடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.