பிளாரன்ஸில் தோல் ஜாக்கெட் வாங்குவோருக்கு

பிளாரன்ஸ் நகரத்தில் சான் லொரென்சோ தேவாலயத்தை ஒட்டிய கடைவீதியில் வரிசை வரிசையாகத் தொங்கும் தோல் ஜாக்கெட்டுகளைக் கண்ட மாத்திரத்தில், ஊர் திரும்பும் நாள் நெருங்கிவிட்டதே என்ற அவசரத்தால் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிற பிரயாணிகளிடம், ஒரு மணி நேரம் பொறுத்திருங்கள் என்று விநயத்துடன் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். 'வேரா பெல்லே', அதாவது அசல் தோல், என்ற முத்திரை அது தோல்தான் என்பதற்குச் சாட்சியாகுமேயன்றி, அதன் தரத்துக்குச் சாட்சியாகாது. மேற்புறத்தைத் தேய்த்துச் சமப்படுத்திச் சாயத்தைக் கனமாகப் பூசிய தோல் கண்ணுக்குக் குற்றமற்றதாகத் தோன்றும். மயிர்க்கால்களின் நுண்ணிய துவாரங்களும், ஆடு உயிரோடிருந்த காலத்துச் சிறு தழும்புகளும் மறையாமல் நிற்கும் செம்மறித் தோலோ, பார்வைக்குச் சற்றுக் குறையுள்ளதாயினும், அணிய அணிய உடம்போடு இசைந்து அழகு பெறும். உள்துணியையும் அக்குள் தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, தோளில் சரியாகப் பொருந்தாததை வாங்கவே வேண்டாம், பிற்பாடு அதைத் திருத்துவது மிகவும் சிரமம். இரண்டாம் உலக யுத்தத்தில் அநாதைகளான சிறுவர்களுக்கு ஜீவனோபாயம் கற்பிக்கும் பொருட்டு, பிரான்சிஸ்கன் துறவிகளின் ஆதரவில் சாந்தா குரோச்சே மடத்தில் தோன்றிய தோல் பள்ளியில், கைவினைஞர் வேலை செய்வதை இன்றும் நேரில் காணலாம். அதைக் கண்ணாரப் பார்த்த பிறகே கடைவீதிக்குத் திரும்ப வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.