உண்மையைத்தானே சொன்னேன்!



முன்னர் நான் பணியாற்றிய ஒரு பங்கில் நிகழ்ந்தது இது. ஊரும் பேரும் இங்கு வேண்டா. சிறுவயதில் திருட்டொன்றில் சிக்கித் தண்டனை பெற்ற ஓர் இளைஞன், திருந்தி, கடையொன்றில் நேர்மையாக உழைத்து வந்தான். அவன் தந்தையோடு வேலித் தகராறு கொண்டிருந்த ஒருவர், அப்பழங்கதையைக் கடை முதலாளியிடம் கூறிவிட்டார். மறுநாளே வேலை போயிற்று. கூறியவரை அழைத்துக் கேட்டேன். "உண்மையைத்தானே சொன்னேன், சாமி? பேச எனக்கு உரிமை இல்லையா?" என்றார்.

உரிமை உண்டு. நமது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமையை அளிக்கிறது. அவதூறு முதலியவற்றின் பொருட்டு அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கவும் அதே பிரிவு இடமளிக்கிறது. நற்பெயரும் வாழ்வுரிமையின் பகுதியே எனக் கூறி, அவதூறைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி, இக்குற்றத்திற்கு ஈராண்டு வரை வெறுங்காவல் விதிக்கலாம்.

இது நியாயம் கேட்போரின் வாயை அடைப்பதற்கன்று. அரசு ஊழியரின் பணி நடத்தையைக் குறித்து நல்லெண்ணத்துடன் கருத்துரைப்பது அவதூறாகாது. நக்கீரன் இதழாசிரியர் தொடுத்த வழக்கில், அவதூறு நேரும் என்று அஞ்சி அதிகாரிகள் ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க இயலாது என 1994-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அநீதியைக் கண்டும் வாளாவிருத்தல் புண்ணியமன்று.

அவ்வாறாயின் எல்லை யாது? குற்றவியல் சட்டத்தின் முதல் விதிவிலக்கே அதனைக் காட்டுகிறது. கூற்று உண்மையாயிருத்தல் மட்டும் போதாது. பொது நன்மை அதனை வேண்டவும் வேண்டும். திருச்சபையின் போதனையும் இதற்கு நெருங்கியதே. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், எட்டாம் கட்டளையை விளக்குகையில் இரு பாவங்களை வேறுபடுத்துகிறது. பொய் கூறிப் பிறர் பெயரைக் கெடுப்பது ஒன்று. பிறருடைய உண்மையான குற்றத்தைத் தக்க காரணமின்றி, அறியாதவரிடம் வெளியிடுவது மற்றொன்று. முன்னது அவதூறு, பின்னது புறணி.

இரண்டிற்கும் ஈடு செய்தல் கடமை. பொய் சொன்னவர், "நான் கூறியது பொய்" என மறுத்துரைக்கலாம். உண்மையைச் சொன்னவரோ மறுக்கவும் இயலாதே! தாம் சொல்லாது விட்ட மறுபாதி உண்மையை, அவ்விளைஞன் திருந்தி வாழ்வதை, அதே செவிகளில் அவர் சொல்லியாக வேண்டும். இதை எடுத்துரைத்தேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், மறுநாள் கடைக்குச் சென்றார். முதலாளி மனமிரங்கவில்லை. பின்னர் அவரே பொறுப்பேற்று, இளைஞனுக்கு வேறோர் இடத்தில் வேலை தேடித் தந்தார்.

இல்லத்தில் பிறரைப் பற்றிப் பேச்செழும்போது, "இது உண்மையா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "இதைக் கேட்பவருக்கு இது தேவையா?" என்றும் வினவுங்கள்.