வாய்தாவுக்கு விலை வைங்கய்யா!

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. குடும்பத்துல ஒரு சிவில் கேஸ் ஓடுறதால சட்டம் படிச்சுத் தொலைச்சவன். வக்கீல் நண்பர்கள் தாராளமா வந்து கும்மலாம், சட்டப்பிரிவு நம்பரோட வாங்க. :-)

கொரோனாவால நமக்குக் கிடைச்ச ஒரே நல்லது நம்ம கோர்ட்டுங்க நவீனமானதுதான்னு ஒரு பேச்சு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. வீடியோவுல விசாரணை, இ-ஃபைலிங், வாட்ஸப்புல நோட்டீஸ்... கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்சீப் கோர்ட்டுல பாகப்பிரிவினைக்கோ, வாடகைக்காரனைக் காலி பண்ணவோ கேஸ் போட்டுட்டு உக்காந்திருக்கவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. சிரிப்பாங்க. இல்ல அழுவாங்க.

மொதல்ல நடந்ததைப் பார்த்துடுவோம்.

2020 மார்ச் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாவே ஒரு வழக்கை எடுத்து, கேஸ் போட, அப்பீல் போட இருந்த காலக்கெடுவையெல்லாம் மார்ச் 15லேர்ந்து நிறுத்தி வச்சது. நடுவுல ரெண்டு தடவை 'போதும்'னு முடிச்சாங்க, அடுத்த அலை வந்ததும் திரும்ப நீட்டினாங்க. கடைசியா 2022 ஜனவரி 10 உத்தரவுப்படி, 15.3.2020லேர்ந்து 28.2.2022 வரைக்கும் உள்ள நாளெல்லாம் கணக்குலயே வராது. கிட்டத்தட்ட ரெண்டு வருஷம்!

இதை நான் குறை சொல்லவே மாட்டேன். பஸ் இல்ல, ஜெராக்ஸ் கடை இல்ல, வெளிய வந்தா லத்தியடி. அந்த நேரத்துல 'கெடு முடிஞ்சுது, உன் உரிமை போச்சு'ன்னு சொல்லியிருந்தா அது அநியாயம். கடிகாரத்தை நிறுத்தினது சரி.

என் கேள்வி வேற. நின்னது யாரோட கடிகாரம்?

2022 பிப்ரவரியில இன்னொரு தீர்ப்பு. வணிக வழக்குகள்ல எதிர்வழக்குரை போட இருக்குற 120 நாள் கெடுவுக்கும் இந்தச் சலுகை உண்டுன்னு சொல்லியாச்சு. ஆக, பிரதிவாதி பதில் சொல்ல அவகாசம் கிடைச்சுது. வாதி? ஏற்கெனவே கேஸ் போட்டுட்டு சாட்சி சொல்லக் காத்திருந்தவங்க? 2020 ஏப்ரல் 6 உத்தரவுல உச்ச நீதிமன்றம் வீடியோ விசாரணைக்கு வழிமுறை போட்டுச்சு இல்லையா, அதுலயே ஒரு வரி இருக்கு. உயர் நீதிமன்றங்கள் விதி போடுற வரைக்கும் வீடியோ முக்கியமா வாதம் கேக்கத்தான். ரெண்டு தரப்பும் சம்மதிச்சா மட்டுமே சாட்சியம் பதியலாம்.

ரெண்டு தரப்பும்! கேஸை இழுக்குறதே பொழப்பா இருக்குறவன் எங்கய்யா சம்மதிப்பான்?

எங்க அத்தை கேஸ் அப்படித்தான் நின்னுச்சு. தாத்தா வீட்டுல பங்கு கேட்டு 2017ல போட்டது. பதில் மனு வரவே பதினோரு மாசம். 2020 ஆரம்பத்துல அத்தை சாட்சிக் கூண்டு ஏறணும். லாக்டவுன். அப்புறம் எங்க வக்கீல் 'வீடியோவுல விசாரிக்கலாம்'னு கேட்டார், எதிர் வக்கீல் 'சம்மதமில்லை'ன்னுட்டார். கோர்ட் தொறந்தப்புறமாவது நடந்துச்சா? 'சீனியர் வேற கோர்ட்ல இருக்கார்'. வாய்தா. 'கட்சிக்காரர் ஊர்ல இல்ல'. வாய்தா. அத்தை தையல் மெஷினை மூடி வச்சிட்டு ரெண்டு பஸ் மாறி வருவாங்க, மத்தியானம் வரைக்கும் மரத்தடியில நிப்பாங்க, அடுத்த தேதியைத் துண்டுச் சீட்டுல எழுதிக்கிட்டுத் திரும்புவாங்க. இத்தனை வருஷத்துல எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு தடவை காஸ்ட் போட்டாங்க. ஐந்நூறு ரூபா.

'சட்டத்துல வழியில்ல, என்ன பண்றது'ன்னு சொல்லிடாதீங்க மக்களே. சட்டத்துல எல்லாமே இருக்கு. அதுதான் கொடுமை.

சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, 2002 ஜூலை 1லேர்ந்து அமலுக்குக் கொண்டு வந்தாங்க. எதிர்வழக்குரைக்கு 30 நாள், காரணத்தோட மிஞ்சிப் போனா 90 நாள். ஒரு தரப்புக்கு மூணு வாய்தாவுக்கு மேல கிடையாது. கட்டளை 17, விதி 1 எடுத்துப் பாருங்க. வாய்தா கொடுத்தா அதனால ஆன செலவுக்கு உத்தரவு போட்டே ஆகணும்னு இருக்கு. வக்கீல் வேற கோர்ட்ல இருக்கார்ங்கிறது வாய்தாவுக்குக் காரணமே ஆகாதுன்னும் அதே விதியில இருக்கு!

அப்புறம் என்ன ஆச்சு? இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம்ம சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005 ஆகஸ்ட்ல தீர்ப்பு. திருத்தம் செல்லும், ஆனா 90 நாள் கெடு கட்டாயமில்லை, வழிகாட்டுதல்தான். மூணு வாய்தாவுக்கும் விதிவிலக்கு உண்டு. கட்சிக்காரர் கையை மீறின நெலமைக்கு அவங்க சொன்ன உதாரணம் எல்லாம் போபால் விஷவாயு, குஜராத் பூகம்பம், சுனாமி. நியாயமான உதாரணம்தான். ஆனா கீழ் கோர்ட்டுல சுனாமிக்காகத் தொறந்து வச்ச கதவு வழியா தெனமும் 'சீனியர் வேற கோர்ட்ல இருக்கார்' நுழைஞ்சு போறார்.

அதே தீர்ப்புல, ஜெயிச்சவங்களுக்கு நியாயமான உண்மைச் செலவு கிடைக்கணும்னும் சொல்லியிருக்காங்க. அதை மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க.

இன்னொரு கூத்து. பொய் வழக்கு, பொய் எதிர்வாதம் போட்டா நஷ்ட ஈடு கட்ட வைக்கிற பிரிவு 35ஏ. உச்சவரம்பு எவ்வளவு தெரியுமா? மூவாயிரம் ரூபா! 1976 திருத்தத்துல போட்டது. அன்னிக்கு அது காசு. இன்னிக்கு ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போனா காலி. இதை ஒரு லட்சமாவது ஆக்குங்கன்னு உச்ச நீதிமன்றமே 2011ல எழுதியாச்சு. பார்லிமெண்ட் அசையல. ஆனா 2015ல வணிக நீதிமன்றச் சட்டம் கொண்டு வந்தப்ப, வணிக வழக்குகளுக்கு மட்டும் அந்த மூவாயிரம் வரம்பை எடுத்துட்டாங்க. எதிர்வழக்குரைக்கு 120 நாள், தாண்டினா பதில் சொல்ற உரிமையே போச்சு, இது கட்டாயம்தான்னு 2019ல தீர்ப்பும் வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. வியாபாரின்னா கெடு இரும்பு. அத்தைன்னா கெடு ஜவ்வு. ஒரே ஊரு, ஒரே கோர்ட் வளாகம்.

அதனாலதான் சொல்றேன். வேகமா நடத்த முடியாதுங்கிறது பொய். வணிக வழக்குக்கு நடத்தணும்னு சட்டம் போட்டாங்க. கொரோனாவுல ஒரே உத்தரவுல நாடு முழுக்கக் கெடுவை நிறுத்தினாங்க. நோட்டீஸை ஈமெயில், வாட்ஸப் மாதிரி செயலி வழியாவும் அனுப்பலாம்னு 2020 ஜூலையில சொன்னாங்க. மனசு வச்சா நடக்குது. சாதாரண சிவில் கேஸுக்கு மனசு வரல, அவ்வளவுதான்.

ஜட்ஜ் பத்தலைன்னு சொல்வீங்க. ஒத்துக்குறேன், பத்தல. இருக்குற ஜட்ஜோட நேரத்தைக் காசில்லாத வாய்தா தின்னுதே, அதுக்கு என்ன சொல்றீங்க? ஏழை பிரதிவாதி பாதிக்கப்படுவான்னு இன்னொரு வாதம். ஆஸ்பத்திரியில இருக்குறவனுக்கு காஸ்ட் போடுன்னு யாரும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சு கேஸை இழுக்குறது பெரும்பாலும் சொத்தைக் கையில வச்சிருக்கவன்தான். ஒவ்வொரு வாய்தாவும் அவனுக்கு ஒரு மாச வாடகை.

தீர்ப்பு வந்தாலும் முடியுதா? டிக்கிரியை நிறைவேத்த தனியா மனு போடணும். அதை ஆறு மாசத்துல முடிக்கணும்னு 2021 ஏப்ரல்ல, ரெண்டாவது அலை நடுவுலயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. 2025 மார்ச்ல தமிழ்நாட்டுக் கேஸ் ஒண்ணுல திரும்பவும் அதையே சொன்னாங்க. அந்தக் கேஸோட கிரய ஒப்பந்தம் 1980ல போட்டது! அப்புறம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தா, தேங்கிக் கிடக்குற நிறைவேற்று மனு 8.82 லட்சம்னு 2025 அக்டோபர்ல தெரிய வந்துச்சு. இவங்கள்லாம் கேஸ்ல ஜெயிச்சவங்க, ஞாபகம் வச்சுக்குங்க.

நான் கேக்குறது நாலே நாலு:

1. வாய்தா கேக்குறவர், எதிர்த்தரப்போட பஸ் காசு, அன்னிக்குக் கூலி, வக்கீல் ஃபீஸ் மூணையும் அன்னிக்கே கட்டணும். கட்டலைன்னா கேஸ் நடக்கணும்.
2. 35ஏ-வோட மூவாயிரம் வரம்பைத் தூக்குங்க.
3. வணிக வழக்குக்கு இருக்குற 120 நாள் கெடு, பாகப்பிரிவினைக்கும் வேணும்.
4. வீடியோவுல சாட்சியம் பதிய எதிராளி சம்மதம் தேவையில்லன்னு எல்லாக் கோர்ட்டுலயும் தெளிவா இருக்கட்டும். வேணுமா வேணாமான்னு ஜட்ஜ் முடிவு பண்ணட்டும்.

இதெல்லாம் நடக்குற வரைக்கும் 'டிஜிட்டல் கோர்ட்'னு என்கிட்ட வராதீங்க. அடுத்த வாய்தா தேதி செல்போன்ல வருது, அத்தை துண்டுச் சீட்டு எழுத வேண்டியதில்ல. அவ்வளவுதான் அவங்களுக்குக் கிடைச்ச முன்னேற்றம்.

உங்க வீட்டு கேஸ்ல இதுவரைக்கும் எத்தனை வாய்தா, எத்தனை ரூபா காஸ்ட்? பின்னூட்டத்துல போடுங்க. அத்தையோட ஐந்நூறை யாராவது தாண்டுறீங்களான்னு பார்ப்போம்.