கணக்குப்பிள்ளை வாய் திறக்கவேண்டும்!

ஒரு முதலாளி கடன் கொடுக்கிறார். ஒருவர் வாங்குகிறார். நடுவே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார்.

பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதியில் கட்டவேண்டும்? இதையெல்லாம் சொல்வது கணக்குப்பிள்ளையின் வேலை. கடன் வாங்கியவர் முதலாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. கணக்குப்பிள்ளையைத்தான் பார்க்கிறார். அவர் வழி சொன்னால் கடன் அடையும். அவர் சும்மா இருந்துவிட்டால்? வட்டி ஏறும்!

அமெரிக்காவில் 4 கோடிக்கும் அதிகமான பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். எல்லாரும் காலேஜில் படிப்பதற்காகச் சர்க்காரிடம் கடன் வாங்கியவர்கள். அவர்களுடைய கடன் முழுவதையும் கூட்டினால் ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேல் வருகிறது.

அங்கே குடியேறி, குடியுரிமை பெற்றுவிட்ட தமிழர் வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் கடனை வாங்கலாம். இங்கிருந்து படிக்கப் போகிற மாணவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் பெரும்பாலும் இங்கே பாங்கியில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது வேறு கதை.

ராக்கெட்டில் பிறந்த கடன்

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் ஏவியது. அமெரிக்கா திடுக்கிட்டது. "நம் பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்கவேண்டும்" என்று அடுத்த வருஷமே ஒரு சட்டம் செய்தார்கள். மாணவர்களுக்குச் சர்க்கார் பணத்தில் கடன் கொடுக்க அந்தச் சட்டம் வழி செய்தது.

1965-ல் ஜனாதிபதி ஜான்சன் உயர் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போட்ட இடம் எது தெரியுமா? டெக்சாஸ் மாநிலத்தில் சான் மார்கஸ் என்ற ஊரில், அவரே படித்த காலேஜில்! பாங்கிகள் கடன் கொடுக்கும், சர்க்கார் ஜாமீன் நிற்கும் என்பது அந்தச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. பல வருஷம் அப்படியே நடந்தது. 2010 ஜூலை முதல் தேதியிலிருந்து அதை நிறுத்தி, புதுக் கடன்கள் எல்லாவற்றையும் கல்வி இலாகாவே நேராகக் கொடுக்க ஆரம்பித்தது.

கடன் கொடுப்பது சர்க்கார். ஆனால் கணக்கு வைப்பது சர்க்கார் அல்ல. அந்த வேலையைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நெல்நெட், மொஹெலா, எட்ஃபைனான்ஷியல் என்று சில கம்பெனிகள். மாணவருக்கு எந்தக் கம்பெனி என்பதைச் சர்க்கார் தீர்மானிக்கிறது. "இந்தக் கடை சரியில்லை, அடுத்த கடைக்குப் போகிறேன்" என்று மாணவர் கிளம்ப முடியாது.

இதைத்தான் முதலில் மனத்தில் வைக்கவேண்டும். தானே பொறுக்கி எடுக்காத கணக்குப்பிள்ளை!

ஒரு பெண்ணின் கணக்கு

ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை ஆகவேண்டும் என்று ஆசை. நான்கு வருஷம் படிக்க 30,000 டாலர் கடன் வாங்குகிறாள். பெற்றோர் சம்பாத்தியத்தை நம்பி இருக்கும் மாணவி பட்டப்படிப்புக்கு மொத்தம் 31,000 டாலர் வரை வாங்கலாம் என்பது அங்கே சட்டம். ஆகையால் இது நடக்கக் கூடிய கணக்குத்தான்.

கடனில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் படிக்கும் காலத்து வட்டியைச் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும். மற்றதில் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது தெரியுமா? கடன் வாங்கும்போது ஒரு பாடம் நடத்துகிறார்கள், படித்து முடித்துப் போகும்போது இன்னொரு பாடம். கம்ப்யூட்டரில் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனால் முடிந்துவிடும். நானும் கல்லூரியில் கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் படித்துப் பார்க்காமல் போட்டவன்தான்! அந்தப் பெண்ணை எப்படிக் குறை சொல்வேன்?

படிப்பு முடிந்தது. ஆறு மாதம் தவணை கேட்கமாட்டார்கள். அதற்குள் வேலை தேடிக்கொள்ளவேண்டும். அந்த ஆறு மாதத்தில் என்ன ஆகிறது? பெண் விடுதியைக் காலி செய்கிறாள். வேறு ஊருக்குப் போகிறாள். கம்பெனியிடம் இருப்பது பழைய விலாசம். காலேஜ் கொடுத்த மின்னஞ்சலை அவள் இப்போது திறந்து பார்ப்பதில்லை. ஏழாவது மாதம் கடிதம் வருகிறது. யாரோ ஒருவர் வீட்டுக்கு!

என்னைக் கேட்டால், இந்த ஆறு மாதந்தான் கம்பெனியின் உண்மையான வேலைக்காலம். பில் அனுப்புவதற்கு மிஷின் போதும். ஆளைத் தேடிப் பிடித்து, "அம்மா, உனக்கு இவ்வளவு பாக்கி, இந்தத் தேதியில் ஆரம்பம், உன் சம்பளத்துக்கு இந்த வழி தோது" என்று சொல்வதற்கு மனிதர்தான் வேண்டும்.

"இப்போது கட்டவேண்டாம்!"

30,000 டாலர், வருஷ வட்டி நூற்றுக்கு 6 என்று வையுங்கள். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் 333 டாலர் கட்டவேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியைக்கு வீட்டு வாடகை இருக்கிறது, கார்ச் செலவு இருக்கிறது. கையைப் பிசைகிறாள். கம்பெனிக்கு டெலிபோன் செய்கிறாள்.

கம்பெனிக்காரருக்கு இரண்டு வழிகள் தெரியும்.

"சரி அம்மா, ஆறு மாதம் கட்டவேண்டாம், நிறுத்தி வைக்கிறோம்" என்பது ஒன்று. ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். பெண்ணுக்கும் சந்தோஷம். ஆனால் வட்டி நிற்காது! வருஷத்துக்கு 1,800 டாலர் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று வருஷம் இப்படியே தள்ளினால் 5,400 டாலர்!

வருமானத்துக்குத் தக்க தவணை என்பது மற்றொன்று. 2009 முதல் இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. சம்பளம் குறைவானால் தவணையும் குறையும். பழைய கடன்காரர்களுக்கு வருமானம் மிகவும் தாழ்ந்தால் தவணை பூஜ்யம் என்று கூட வரும். பூஜ்யமாக இருந்தாலும் ஒழுங்காகக் கட்டியதாகவே கணக்கு! 2025-ல் செய்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு கடன் வாங்குகிறவர்களுக்கு வேறு திட்டம். அதில் குறைந்தது மாதம் 10 டாலராவது கட்டவேண்டும்.

இரண்டாவது வழி நல்லது. ஆனால் அதற்கு விண்ணப்பம் வேண்டும், வருமான அத்தாட்சி வேண்டும், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கவேண்டும். எடுத்துச் சொல்ல அரை மணி நேரம் பிடிக்கும். அந்த அரை மணிக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி!

நவியன்ட் என்ற பெரிய கம்பெனிமீது 2017 ஜனவரியில் ஒரு வழக்கு வந்தது. வழக்குப் போட்டது வேறு யாரும் அல்ல. கடன் வாங்கும் பொதுமக்களைப் பாதுகாக்க ஏற்பட்ட சர்க்கார் அலுவலகமே! "கஷ்டத்தில் இருந்தவர்களுக்கு நல்ல வழியைக் காட்டாமல், தவணையை நிறுத்தி வைக்கும் வழியில் தள்ளினார்கள்" என்பது முக்கியமான குற்றச்சாட்டு. ஏழு வருஷத்துக்கு மேல் வழக்கு நடந்தது. 2024 செப்டம்பரில் சமரசம் ஆயிற்று. கம்பெனி 12 கோடி டாலர் கொடுக்கவேண்டும். அதில் 10 கோடி கடன்காரர்களுக்கு, 2 கோடி அபராதம். சர்க்கார் கல்விக் கடனுக்கு இனிமேல் கணக்கு வைக்கக் கூடாது என்றும் தடை. கம்பெனி குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவில்லை. சர்க்கார் கடன் கணக்கு வேலையை 2021-லேயே அது விட்டுவிட்டது.

45 சென்ட் விலை

எல்லாப் பழியையும் கம்பெனிகளின் தலையில் போடலாமா? கூடாது என்பது என் அபிப்பிராயம்.

சர்க்கார் அவர்களுக்குக் கூலி கொடுத்த விதத்தைப் பாருங்கள். 2014-ல் திருத்திய ஒப்பந்தப்படி, ஒழுங்காகத் தவணை கட்டும் ஒருவருக்காகக் கம்பெனிக்கு மாதம் 2 டாலர் 85 சென்ட். படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்காக 1 டாலர் 5 சென்ட். 360 நாளுக்கு மேல் கட்டத் தவறியவருக்காக? வெறும் 45 சென்ட்!

கூலி குறைந்தால் கம்பெனி ஆளைத் தவறவிடாது என்று நினைத்துத்தான் இப்படி எழுதியிருப்பார்கள். ஆனால் விழுந்து கிடக்கிறவரைத் தூக்கிவிட எவ்வளவு நேரம் வேண்டும்! எத்தனை தடவை டெலிபோன் செய்யவேண்டும்! அந்த வேலைக்கு மாதம் 45 சென்ட் என்றால் யார் மெனக்கெடுவார்கள்? பிறகு புதிய ஒப்பந்தங்கள் வந்தன. பழையதன் பலனைத்தான் பல குடும்பங்கள் இன்றும் அனுபவிக்கின்றன.

சட்டமும் ஓயாமல் மாறுகிறது. 2023-ல் ஒரு புதுத் தவணைத் திட்டம் தொடங்கினார்கள். 2024-ல் கோர்ட் அதை நிறுத்தி வைத்தது. 2025-ல் வேறு சட்டம் வந்தது. டெலிபோன் எடுக்கும் குமாஸ்தாவுக்கே தலை சுற்றும்.

ஆனால் சட்டம் மாறாத இடத்திலும் தவறு நடந்திருக்கிறதே! கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், சர்க்கார் தவணையை நிறுத்தி வைத்தது. 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்தது. மூன்றரை வருஷம் கழித்து வரும் முதல் பில். அதையாவது காலத்தில் அனுப்பவேண்டாமா? மொஹெலா கம்பெனி 25 லட்சம் பேருக்குக் காலத்தில் அனுப்பவில்லை. 8 லட்சம் பேருக்கு மேல் தவணை தவறியவர்கள் ஆனார்கள். கல்வி இலாகா அந்தக் கம்பெனியின் கூலியில் 72 லட்சம் டாலரை நிறுத்தி வைத்தது. நல்ல காரியம். இப்படிக் கூலியில் கை வைத்தால்தான் கம்பெனிக்கு உறைக்கும்.

நூற்றில் ஒருவர்

நம் ஆசிரியைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. சர்க்கார் வேலையிலோ, பொதுத் தொண்டிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால், மீதிக் கடனைத் தள்ளிவிடலாம் என்று 2007-ல் சட்டம் செய்தார்கள். ஆசிரியர், நர்ஸ், தீயணைப்புக்காரர் எல்லாரும் நம்பினார்கள். 2017-ல் முதல் பத்து வருஷம் பூர்த்தி ஆயிற்று. ஆவலோடு விண்ணப்பம் போட்டார்கள்.

ஆரம்ப காலத்தில் நூறு விண்ணப்பத்தில் ஏறக்குறைய தொண்ணூற்றொன்பது தள்ளுபடி!

"உன் கடன் அந்த வகை அல்ல." "நீ கட்டியது அந்தத் திட்டத்தில் அல்ல." "இன்னும் 120 மாதம் ஆகவில்லை." இப்படிப் பல பதில்கள். தவணையை நிறுத்தி வைத்திருந்த மாதங்களும் கணக்கில் சேரவில்லை. ஐந்து நிமிஷப் பேச்சில் "கட்டவேண்டாம்" என்று சொன்னார்களே, அதன் விலை இது! வகுப்பறையில் சாக்பீஸ் தூசியோடு பத்து வருஷம் நின்றவளிடம், முதல் வருஷமே சொல்லியிருக்க வேண்டியதைப் பத்தாவது வருஷம் சொன்னார்கள்.

பிறகு சர்க்கார் விழித்துக்கொண்டது. 2021-ல் விதிகளைத் தளர்த்தியது. தொடர்ந்து 12 மாதமோ, மொத்தத்தில் 36 மாதமோ நிறுத்தி வைக்கப்பட்டவர்களுக்கு அந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்வோம் என்று 2022 ஏப்ரலில் அறிவித்தது. 2024 அக்டோபருக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கடன் தள்ளுபடி கிடைத்துவிட்டது. அதே சட்டந்தான், அதே ஆசிரியர்கள்தான்! கணக்கைச் சரியாகப் பார்த்ததும் கதவு திறந்துவிட்டது.

நான் சொல்வது

270 நாள் தவணை கட்டாவிட்டால் கடன் "தவறிய கடன்" ஆகிவிடும். அதற்கு மேல், சம்பளத்தில் நூற்றுக்கு 15 வரை பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. கோர்ட்டுக்குக் கூடப் போகவேண்டியதில்லை. இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிற சர்க்கார், அந்த 270 நாளில் கம்பெனி எத்தனை தடவை ஆளைத் தேடியது என்று கேட்கவேண்டும். "கடிதம் போட்டோம்" என்றால் போதாது. கடிதம் சேர்ந்ததா? டெலிபோனில் நேராகப் பேசினார்களா? வருமானத்துக்குத் தக்க தவணையை முதலில் சொன்னார்களா, கடைசியில் சொன்னார்களா? அதைப் பார்த்துத்தான் கூலி கொடுக்கவேண்டும். விழுந்தவரை எழுப்பி நிற்கவைத்த கம்பெனிக்கு, ஒழுங்காகக் கட்டுகிறவருக்குப் பில் அனுப்பும் கம்பெனியைவிட அதிகமாகவே கொடுக்கலாம்.

பிள்ளைகளை அங்கே படிக்கவைக்கும் பெற்றோருக்கு ஒரு விஷயம். இந்தக் கம்பெனியிடம் யோசனை கேட்கக் காசு கிடையாது. "பணம் கொடு, கடனைக் குறைத்துத் தருகிறேன்" என்று எவனாவது கூப்பிட்டால் உடனே டெலிபோனை வைத்துவிடுங்கள்! கல்வி இலாகாவின் இணையதளத்தில் பிள்ளையின் கணக்கைத் திறந்தால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும். கம்பெனி மாறுவதும் உண்டு. ஆகையால் விலாசம் மாறிய அன்றே எழுதிவிடவேண்டும்.

கம்பெனி எழுதவேண்டிய கடிதமோ மிகவும் சிறியது. பட்டம் வாங்கிய மாதமே அது வீட்டுக்கு வரவேண்டும். அதில் நான்கே வரி இருந்தால் போதும்:

"உங்கள் பாக்கி இவ்வளவு. முதல் தவணை இந்தத் தேதி. உங்கள் சம்பளத்தைச் சொன்னால் அதற்குத் தக்க தவணை எவ்வளவு என்று நாங்களே கணக்குப் போட்டுச் சொல்கிறோம். கட்ட முடியாது என்று தோன்றினால், தேதி வருவதற்கு முன்னாலேயே எங்களைக் கூப்பிடுங்கள்."