சர்க்கார் முத்திரையும் நம் புத்தியும்

அரிசிக் கடையில் பணம் கொடுத்தால் அரிசி உடனே கைக்கு வருகிறது. கல் இருந்தாலும், அளவு குறைந்தாலும் அங்கேயே கேட்கலாம். இன்ஷியூரன்ஸ் வியாபாரமோ அப்படிப்பட்டதல்ல. இன்று பணம், சரக்கு இருபது முப்பது வருஷம் கழித்து. அதுவும் பணம் கட்டினவன் செத்த பிறகு அவன் பெண்சாதி பிள்ளைகள் போய்க் கேட்க வேண்டிய சரக்கு. அன்றைக்குக் கம்பெனிக் கதவு பூட்டிக் கிடந்தால் அந்த அம்மாள் யாரைக் கேட்பாள்? "என் தலையெழுத்து" என்று அழுதுவிட்டுத் திரும்புவாள். அது தலையெழுத்தா அல்லது கணக்குக் கேட்க வேண்டியவர்கள் கேளாமலிருந்ததன் பலனா என்று கேட்கின்றோம்.

இதனால்தான் நினைத்தவனெல்லாம் இத்தொழிலைத் தொடங்கக்கூடாது என்று சட்டம் ஏற்பட்டது. 1912ல் ஆயுள் இன்ஷியூரன்சுக்கு ஒரு சட்டம் வந்தது. 1938ல் எல்லா இன்ஷியூரன்சுக்கும் சேர்த்து விரிவான சட்டம் வந்தது. ரிஜிஸ்தர் செய்துகொண்டு, ஜாமீன் பணம் கட்டி, வருஷந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்றாயிற்று.

நிற்க, ரிஜிஸ்தர் ஆன மாத்திரத்தில் யோக்கியதை வந்துவிட்டதா? அதற்கு முந்திய பத்து வருஷத்தில் 25 ஆயுள் இன்ஷியூரன்ஸ் கம்பெனிகள் கலைக்கப்பட்டன என்றும், மற்றும் 25 கம்பெனிகள் பணத்தை வீணாக்கிப் பாலிசிதாரர்களுக்கு நஷ்டத்தோடு வேறு கம்பெனிகளிடம் ஒப்புவிக்கப்பட்டன என்றும் 1956ல் நிதி மந்திரி தேஷ்முக் அவர்களே சொன்னார். இவை சட்டத்துக்குத் தெரியாமல் ஒளிந்து நடந்த கம்பெனிகளா? சட்டத்தின் கண்ணெதிரே நடந்தவைகளேயாகும்! ஏழைகள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டின பிரீமியத்தை நிர்வாகிகள் சிலர் தங்கள் சொந்தப் பணப்பெட்டியாகப் பாவித்தார்கள். முடிவில் அவ்வருஷமே 245 ஸ்தாபனங்களை சர்க்கார் எடுத்துக்கொண்டு, செப்டம்பர் 1ந் தேதி ஆயுள் இன்ஷியூரன்ஸ் கார்ப்பொரேஷனை ஏற்படுத்த நேர்ந்தது.

பிறகு 1999ம் வருஷச் சட்டத்தால் தனியார் கம்பெனிகளுக்கு மறுபடி கதவு திறந்தது. குறைந்தது 100 கோடி ரூபாய் மூலதனம் வேண்டும் என்று விதித்தார்கள். கொடுக்க வேண்டியது போக மீதம் இருக்கவேண்டிய சொத்துக்குச் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவைப்போல் ஒன்றரை மடங்கு கையில் இருக்க வேண்டுமாம். மேற்பார்வை செய்ய ஹைதராபாத்தில் ஓர் ஆணையமும் இருக்கிறது. இவ்வளவும் நல்லதே. ஆனால் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் இங்கிலீஷில் வெளியாகின்றன. பிரீமியம் கட்டுகிற குடியானவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு கம்பெனியின் பெயரும், ரிஜிஸ்தர் நம்பரும், கைவசமுள்ள சொத்தின் நிலைமையும் தாலுகா ஆபீசிலும் தபாலாபீசிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

தோழர்களே! லைசென்ஸ் என்பது கையில் கட்டிக்கொண்டு தூங்குவதற்கான தாயத்து அல்ல. ஏஜெண்டு வந்தால் ரிஜிஸ்தர் நம்பரைக் கேளுங்கள். கம்பெனி பெயரில் ரசீது கேளுங்கள். பத்திரத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நியாயமான பணத்தைக் கம்பெனி மறுத்தால், முதலில் அதனிடமே எழுத்து மூலம் கேட்டுவிட்டு, பிறகு இன்ஷியூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. கேட்கிற ஜனங்கள் இருக்கிற ஊரில்தான் சட்டம் விழித்திருக்கும் என்பதை மறவாதீர்கள்.