முதல்ல லாக்கைப் பாருங்கப்பா!

நம்மூர் சாப்ட்வேர் சப்போர்ட்ல ரெண்டே மந்திரம்தான் ஓடுது. ஒண்ணு, "திரும்ப ரன் பண்ணுங்க". ரெண்டாவது, "யூசர் தப்பு". ரெண்டுக்குமே மூளை தேவையில்லை.

நான் முன்னாடி ஆணி புடுங்கின இடத்துல நடந்த கதை இது. மாசக் கடைசி. எஸ்ஏபி-ல வவுச்சர் ஏத்துற ஜாப் ராத்திரி பாதியில படுத்துடுச்சு. நைட் ஷிஃப்ட் ஆசாமி எங்கே நின்னுச்சுன்னு பாக்காம, முதல்லேர்ந்து மறுபடி ஓட விட்டுட்டுத் தூங்கிட்டார். காலையில பாதி வவுச்சர் ரெண்டு ரெண்டா நிக்குது. பழி யார் மேல? அக்கவுண்ட்ஸ் அக்கா மேல! மெமோ டைப் ஆகிட்டிருந்தப்போ எஸ்எம்37-ல ஜாப் லாக்கைத் திறந்தேன். முதல் ஓட்டம் 'கேன்சல்ட்', ரெண்டாவது 'ஃபினிஷ்ட்'. ரெண்டும் ராத்திரி பதினொண்ணுக்கு மேல. அக்கா ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவங்க. எஸ்டி22-ல ப்ரோக்ராம் செத்த வரி வரைக்கும் இருந்துச்சு. பாக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு, அவ்ளோதான்.

ஒரு மெமோதானேன்னு நினைக்கிறீங்களா? பிரிட்டனைப் பாருங்க. அஞ்சலகங்கள்ல ஓடின ஃபுஜிட்சுவோட ஹொரைசன் மென்பொருள், கணக்குல பணம் குறையுதுன்னு காட்டிச்சு. 1999-லேர்ந்து 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல திருட்டு, பொய்க்கணக்குன்னு குற்றவாளி ஆக்கினாங்க. லீ காசில்டன்ங்கிறவர் உதவி எண்ணுக்கு 91 தடவை போன் பண்ணினார். பதிலுக்கு அவர் மேலயே வழக்கு. 2007-ல தோத்து, 3,21,000 பவுண்டு வழக்குச் செலவு தலையில விழுந்து, திவாலாகிட்டார். தெரிஞ்ச பிழைகளை எழுதி வெச்ச பதிவேடு ஃபுஜிட்சுகிட்டயே இருந்துச்சுங்க! 2019 டிசம்பர்லதான் மென்பொருள்ல பிழை இருந்துச்சுன்னு நீதிமன்றம் சொல்லிச்சு. 2024-ல தனிச்சட்டம் போட்டு நூத்துக்கணக்கான தீர்ப்புகளை ரத்து பண்ணாங்க.

"லாக் என்ன வேதவாக்கா?"ன்னு கேப்பாங்க. இல்லைதான். 'ஃபினிஷ்ட்'னா ஜாப் முடிஞ்சுதுன்னு அர்த்தம், சரியா முடிஞ்சுதுன்னு இல்லை. எரரை முழுங்கிட்டு கம்முனு இருக்கிற கோடும் உண்டு. அதனால, எந்த ரெக்கார்டு வரைக்கும் ஆச்சுன்னு எழுதி வைக்காத ப்ரோக்ராமை ஏத்துக்காதீங்க. பழைய லாக்கைத் துடைக்கிற ஜாப் ஓடுறதுக்குள்ள அதை எடுத்து வைங்க. மறு ஓட்டம் அதுக்கப்புறம்தான். யார் மேலயாவது பழி போடணுமா? லாக்கை முதல்ல அவங்ககிட்ட காட்டுங்க.

டிஸ்கி: நைட் ஷிஃப்ட் ஆசாமிக்கு மெமோ போகலை. 'சிஸ்டம் தப்பு'ன்னு முடிச்சுட்டாங்க. அக்காகிட்ட மட்டும் யாரும் சாரி கேக்கலை.